நெல் இலையில் மருந்து ஏன் நிற்பதில்லை? வெள்ளிப் பூச்சு காட்டும் விடை

மாகறல் பக்கம் செய்யாற்றங்கரை வயலில் விடியற்காலையில் இறங்கினால், நெல் இலையில் பனித்துளி முத்து முத்தாக நிற்பதைப் பார்க்கலாம். இலையைத் தொட்டால் உருண்டு விழுந்துவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கி அடிக்கும் மருந்துக்கும் இதே கதிதான். இலை மேல் இருக்கும் மெழுகுப் படலம்தான் காரணம்.

கண்ணுக்குத் தெரியாத இந்த மெழுகில் என்னென்ன இருக்கிறது என்று அறிய, நிறை நிறமாலைமானி என்ற கருவி உதவுகிறது. மூலக்கூறுகளை எடை போடும் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசர் ஒளியைப் பாய்ச்சி மூலக்கூறுகளைக் கிளப்பிவிடுவார்கள். ஆனால் மின்னூட்டம் உள்ளவற்றை மட்டுமே இந்தத் தராசு எடை போடும். மெழுகோ லேசர் ஒளியையும் சரியாக வாங்காது, மின்னூட்டத்தையும் எளிதில் ஏற்காது.

அதனால் இலை மேல் வெள்ளித் துகளை மிக மெல்லியதாகப் பூசுகிறார்கள். காஞ்சிபுரம் சரிகையில் வெள்ளி மேல் தங்க முலாம் ஏற்றுவது அழகுக்காக. இது வேறு வேலைக்கு. வெள்ளி லேசர் ஒளியை வாங்கிச் சூடாகி, மின்னூட்டம் உள்ள வெள்ளி அணுக்களை வெளிவிடுகிறது. அவை மெழுகு மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ள, தராசில் எடை விழுகிறது.

வெள்ளியில் இன்னொரு வசதியும் உண்டு. அது இயற்கையிலேயே 107, 109 என இரு எடைகளில், கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதியாக இருக்கிறது. 29 கார்பன் கொண்ட மெழுகின் எடை 408. வெள்ளி ஒட்டியதும் 515, 517 என இரட்டைக் கோடு விழும். அந்த ஜோடியை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றில் எந்த இடத்தில் எந்த மெழுகு என்று படமாகவே எடுத்தார்கள்.

உலோகத் துகளைச் சேர்க்கும் யோசனை பழையது. 1980களில் ஜப்பானின் கோய்ச்சி தனாகா, கோபால்ட் நுண்தூளில் தவறுதலாகக் கிளிசரினை ஊற்றிவிட்டார். வீணாக்க மனமில்லாமல் சோதித்துப் பார்த்தது, 2002இல் நோபல் பரிசில் முடிந்தது!

உங்கள் வயலுக்கு இந்தக் கருவி தேவையில்லை. இலை மேல் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். பரவினால் சரி. உருண்டு ஓடினால் மருந்தோடு ஒட்டும் திரவம் சேர்க்க வேண்டும். பொதுவாக லிட்டருக்கு அரை முதல் 1 மில்லி, அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 5 முதல் 10 மில்லி போதும். மருந்து பாட்டிலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நுரை பொங்காமல் இருக்க, கடைசியாக ஊற்றி மெதுவாகக் கலக்குங்கள்.

'கூட ஊற்றினால் நன்றாக ஒட்டும்' என்று நினைக்க வேண்டாம். இலையின் ஈரத்தைக் காப்பதும் பூஞ்சாணத்துக்கு முதல் வேலியாக நிற்பதும் இதே மெழுகுதான். அளவு மீறினால் இலை கருகும். துணி துவைக்கும் சோப்புத் தூளை டேங்கில் போடவே போடாதீர்கள்.