கோபம் அணியின் மீதல்ல

வேலையைவிட்டு நீக்கப்பட்ட ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர், அடுத்த சீசனில் தன் பழைய அணியின் ஆட்டத்தை டி.வி.யில் பார்ப்பாரா? பார்த்தால், யார் ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பார்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒவ்வொரு மார்ச்சிலும் இந்தக் கேள்வி எழும். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் தொடர் சூடுபிடிப்பது அந்த மாதத்தில்தான். சரியாக ஆடாத கல்லூரிகள் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புவதும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். வெறுங்கையோடு அனுப்புவதில்லை. 2021-ல் ஆர்ச்சி மில்லரை நீக்கியபோது இண்டியானா பல்கலைக்கழகம் அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 1 கோடி டாலருக்கும் மேல். அவ்வளவு பணம் வாங்குகிறவருக்கு என்ன வருத்தம் என்று கேட்கத் தோன்றும். பதில் தெரிய வேண்டுமானால், அந்த அணி எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

தொழில்முறை ஆட்டமான என்.பி.ஏ.வில் வீரர்களை எடுப்பது நிர்வாகம். கொடுத்த அணியை வைத்துப் பயிற்சியாளர் ஆட வைக்கிறார். கல்லூரியில் கதை வேறு. 16, 17 வயதுப் பள்ளிப் பையனைத் தேடிப் போவதே பயிற்சியாளர்தான். ஏதோ ஒரு சிற்றூரின் பள்ளி ஜிம்மில் மரப்பெஞ்சில் உட்கார்ந்து அவன் ஆட்டத்தைப் பார்ப்பார். பிறகு வீட்டுக்குப் போவார். அம்மா பரிமாறியதைச் சாப்பிட்டு, ‘உங்கள் பிள்ளை இனி என் பொறுப்பு, பட்டம் வாங்க வைத்து அனுப்புகிறேன்’ என்று வாக்குக் கொடுப்பார். பையன் கையெழுத்துப் போடுவது கல்லூரியின் தாளில். நம்பி வருவது இந்த மனிதரை.

ஒருநாள் அந்த மனிதரைக் கல்லூரி வெளியே அனுப்பிவிடுகிறது. பையன்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவர் கொடுத்த வாக்கை இனி வேறொருவர் காப்பாற்ற வேண்டும். நீக்கப்பட்ட பயிற்சியாளரின் மனம் இரண்டாகப் பிளப்பது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். கோபம் முழுவதும் பல்கலைக்கழகத் தலைவர் மீதும் விளையாட்டுத் துறை இயக்குநர் மீதும். அணியின் மீது துளியும் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்ட அவருக்கு இருக்கும் எளிய வழி, அரங்கத்துக்கு வராமல் இருப்பது. அலுவலக அறைக்காரர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அடி விழுவது அவர் வளர்த்த பையன்கள் மீது.

இதற்குப் பெரிய உதாரணம் பாப் நைட். இண்டியானாவில் 29 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தவர். 1976, 1981, 1987 என மூன்று முறை தேசிய சாம்பியன். 1976-ல் அவருடைய அணி 32 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை ஆண்கள் முதல்தரப் பிரிவில் எந்த அணியும் ஒரு முழு சீசனைத் தோல்வியில்லாமல் முடித்ததில்லை. அதே நைட், 1985-ல் பர்டூவுக்கு எதிரான ஆட்டத்தில் நாற்காலியைத் தூக்கி மைதானத்தின் குறுக்கே வீசியவர். பயிற்சியின்போது ஒரு வீரரின் கழுத்தை அவர் பிடிக்கும் வீடியோ 2000-ல் வெளியானது. இனி ஒரு தவறு நடந்தாலும் வேலை போகும் என்று பல்கலைக்கழகத் தலைவர் மைல்ஸ் பிராண்ட் அந்த மே மாதம் எச்சரித்தார். செப்டம்பரில், தன்னை வெறும் பெயர் சொல்லி அழைத்த ஒரு மாணவரின் கையை நைட் பிடித்து இழுத்தார் என்று புகார் வந்தது. செப்டம்பர் 10-ஆம் தேதி வேலை போனது.

நீக்கியது சரிதான். பல ஆண்டுகள் முன்பே செய்திருக்க வேண்டியது. ஒரு பையனின் கழுத்தில் கை வைக்கும் உரிமையை எந்தக் கோப்பையும் யாருக்கும் தந்துவிடாது. ஆனால், நீக்கியது நியாயம் என்பதால் நீக்கப்பட்டவரின் வலி பொய்யாகிவிடாது. அடுத்து நடந்தவற்றைப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே தெரியும்.

சீசன் தொடங்க இன்னும் இரண்டே மாதம். உதவிப் பயிற்சியாளர் மைக் டேவிஸுக்கே பொறுப்பைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நாங்களும் வெளியேறுவோம் என்று வீரர்கள் நின்றார்கள். டேவிஸ் பயிற்சியாளரானார். நைட்டின் பார்வையில் அது வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதை. 2001-ல் நைட் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2002 மார்ச்சில் இரண்டு அணிகளுமே தேசியத் தொடருக்குத் தகுதி பெற்றன. நைட்டின் புதிய அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அவர் விட்டுவந்த அணியோ முந்தைய ஆண்டு சாம்பியனான டியூக்கை ஒரே புள்ளியில் வீழ்த்தி, இறுதிப் போட்டிவரை போனது. டியூக்கின் பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கி, ராணுவக் கல்லூரியில் நைட்டிடம் ஆடிய பழைய மாணவர். ஜெயித்த அணியின் நட்சத்திரம் ஜாரெட் ஜெஃப்ரிஸ், இண்டியானா பல்கலைக்கழகம் இருக்கும் ப்ளூமிங்டன் ஊர்ப் பையன், நைட் சேர்த்தவர். டாம் கவர்டேல், டேன் ஃபைஃப் இருவரும் அப்படியே. ஒரு மனிதரின் முப்பது ஆண்டு உழைப்பு அந்தத் தொடரில் இரண்டு பக்கமும் நின்று ஆடியது. அவர் மட்டும் களத்தில் இல்லை.

இறுதிப் போட்டி ஏப்ரல் 1, அட்லான்டாவில். இண்டியானாவை 64-52 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது மேரிலாந்து. அந்த மேரிலாந்துக்கும் இதேபோல் ஒரு கதை உண்டு. 1969-ல் அங்கே வந்த லெஃப்டி டிரிசெல், இந்த அணியைக் கிழக்கின் யு.சி.எல்.ஏ. ஆக்கிக் காட்டுகிறேன் என்று அறிவித்தவர். யு.சி.எல்.ஏ. அப்போது ஆண்டு தவறாமல் கோப்பை வாங்கிக்கொண்டிருந்த அணி. சீசனின் முதல் பயிற்சிக்கு அனுமதி கிடைக்கும் நாளில், விடியும்வரை காத்திருக்காமல் நள்ளிரவிலேயே வீரர்களை ஓட வைத்தார் டிரிசெல். பின்னாளில் நாடு முழுக்கக் கல்லூரிகளில் திருவிழாவாக மாறிய நள்ளிரவுப் பயிற்சிக்கு அதுதான் தொடக்கம். 1986 ஜூனில் அவருடைய மிகச் சிறந்த வீரர் லென் பயஸ், என்.பி.ஏ.வின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து இரண்டு நாள் கழித்து, கொக்கெய்ன் எடுத்துக்கொண்டதால் இறந்துபோனார். அக்டோபரில் டிரிசெல் ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். 17 சீசன், 348 வெற்றி.

அவர் வேறு வேறு கல்லூரிகளுக்குப் போனார். 2001 தேசியத் தொடரில், அவருடைய சின்ன அணியான ஜார்ஜியா ஸ்டேட் முதல் சுற்றில் விஸ்கான்சினை ஒரு புள்ளியில் ஜெயித்தது. இரண்டாம் சுற்றில் எதிரே வந்து நின்றது மேரிலாந்து. 69 வயதில், தான் உருவாக்கிய அணிக்கு எதிராக அந்தப் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்தார். 79-60 என்று தோற்றார். மறு ஆண்டு மேரிலாந்து தன் முதல் தேசியக் கோப்பையைத் தூக்கியதும், டிரிசெல் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த அதே அட்லான்டா நகரத்தில்தான். மேரிலாந்து தன் அரங்கத்தில் அவர் பெயரில் பேனர் ஏற்றியது 2017-ல். ராஜினாமாவுக்கு 31 ஆண்டுகள் கழித்து.

அதே 2002 வசந்தத்தில்தான் மூன்றாவது கதையும் நடந்தது. அர்கன்சா பல்கலைக்கழகத்தின் நோலன் ரிச்சர்ட்சன், 1994-ல் டியூக்கை ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆனவர். எதிரணியை மூச்சுவிட விடாமல் ஆட்டம் முழுக்க விரட்டும் அவருடைய பாணிக்கு ‘40 நிமிட நரகம்’ என்று பெயர். சரியாகப் போகாத ஒரு சீசனின் முடிவில், என் பணத்தைக் கொடுத்துவிட்டால் நாளைக்கே இந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும் என்று பேசினார். இரண்டு நாள் கழித்து நிருபர்களைப் பார்த்து, இந்த அறையில் என்னைப் போல ஒருவர்கூட இல்லை என்றார். கறுப்பினத்தவரான தன்னை வேறு தராசில் நிறுக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மார்ச் 1-ல் நீக்கினார்கள். இனப் பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தார், தோற்றார். மேல்முறையீட்டிலும் தோற்றார்.

ஆனால் ஊரைவிட்டுப் போகவில்லை. ஃபேயட்வில் பக்கத்தில் இருந்த தன் பண்ணையிலேயே வாழ்ந்தார். அவர் அர்கன்சாவுக்கு வந்தபோது மகள் இவோன் ரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை ஏற்றுக்கொள்ளச் சொன்னதே அவள்தான். 1987-ல் 15 வயதில் இறந்துபோனாள். ஃபேயட்வில்லில் இன்றும் அவள் பெயரில் ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. தன்னை அனுப்பிய இயக்குநர் ஃபிராங்க் பிராய்ல்ஸ் மீது கோபப்படலாம். அந்த ஊரை எப்படி வெறுப்பது? அவரிடம் ஆடி, அவரோடு 17 ஆண்டுகள் உதவியாளராக இருந்த மைக் ஆண்டர்சனே 2011-ல் அர்கன்சாவின் பயிற்சியாளராக வந்தார். 2019-ல் அரங்கத்தின் ஆடுதளத்துக்கு ‘நோலன் ரிச்சர்ட்சன் கோர்ட்’ என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு ஆண்டர்சனை நீக்கியும் விட்டார்கள். குருவுக்கு மரியாதை செய்த ஆண்டிலேயே சீடனுக்கு வேலை போனது. இந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் செய்தி இதுதான்.

நைட்டின் கோபம் இப்படிக் கரையவில்லை. 2009-ல் இண்டியானா தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது; விழாவுக்கு வரவில்லை. 2017-ல் ஒரு நிகழ்ச்சியில், தன்னை நீக்கிய நிர்வாகிகள் எல்லோரும் செத்திருக்க வேண்டும் என்று பச்சையாகவே சொன்னார். மைல்ஸ் பிராண்ட் 2009-லேயே புற்றுநோயில் இறந்துபோயிருந்தார். இவையெல்லாம் நிர்வாகத்துக்கான அடி. 2016-ல் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தோல்வியே காணாத அந்த 1976 அணியின் 40-ஆம் ஆண்டுக்குப் பழைய வீரர்கள் ப்ளூமிங்டனில் கூடினார்கள். நைட் வரவில்லை. அறுபது வயதை ஒட்டியவர்கள் தங்கள் கோச் இல்லாமல் அந்தத் தரையில் நின்றார்கள். அவரை நீக்கிய முடிவில் அவர்களுக்கு என்ன பங்கு?

2019-ல் நைட் ப்ளூமிங்டனுக்கே குடிவந்தார். 2020 பிப்ரவரி 8, பர்டூவுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில், 20 ஆண்டுகளுக்குப் பிறகு இண்டியானாவின் அரங்கத்தில் கால் வைத்தார். 79 வயது, உடல் தளர்ந்திருந்தது. மகன் பேட் பக்கத்தில் நடந்து வந்தார். ஐசையா தாமஸ், குவின் பக்னர், ஸ்காட் மே என்று பழைய வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார். பிறகு தரையில் பந்து இல்லாமலேயே கைகளை விரித்துத் தடுப்பாட்டம் காட்டினார். அரங்கம் முழுவதும் ‘டிஃபென்ஸ்’ என்று கூடச் சேர்ந்து கத்தியது. அன்றைய ஆட்டத்தில் இண்டியானா தோற்றுவிட்டது. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2023 நவம்பரில் அதே ஊரில் நைட் காலமானார்.

20, 31, 17. இண்டியானா, மேரிலாந்து, அர்கன்சா மூன்றிலும் பிரிவின் காயம் ஆற எடுத்த ஆண்டுகள் இவை. இண்டியானா முன்பே கூப்பிட்டும் வராதவர் நைட்தான். ஆனால் கல்லூரிகள் தாமதிப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ‘தகுந்த காரணத்தோடு’ நீக்கினோம் என்று நிரூபித்துவிட்டால் மீதி ஒப்பந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். அதனால் பிரிவே வழக்காகிவிடுகிறது. கனெக்டிகட்டில் 1991 முதல் 1995 வரை மாணவராக ஆடி, பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளராகி 2014-ல் கோப்பையும் வாங்கித் தந்தவர் கெவின் ஓலி. 2018-ல் அவரை அப்படித்தான் நீக்கினார்கள். 2022-ல் அந்தத் தகராறை விசாரித்த நடுவர் அது தவறு என்று சொல்லி, 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வைத்தார். லூயிவில் நீக்கிய ரிக் பிட்டினோவின் வழக்கு இன்னும் விசித்திரம். கோடிக்கணக்கில் கேட்டுத் தொடுத்தவர், 2019-ல் ஒரு டாலர்கூட வாங்காமல் முடித்துக்கொண்டார். பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது, பல்கலைக்கழகப் பதிவேட்டில் நீக்கம் என்பது ராஜினாமா என்று மாற்றப்பட்டதுதான். பணத்தைவிட எது உறுத்தியது என்பதை அந்தச் சமரசமே சொல்லிவிடுகிறது.

இன்று விதி மாறிவிட்டது. 2021 முதல் வீரர்கள் ஓராண்டு சும்மா உட்காராமல் வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம். பயிற்சியாளரை நீக்கினால் பல நேரம் பாதி அணி காலியாகிவிடுகிறது. சிலர் அவர் சேரும் புதிய கல்லூரிக்கே போய்விடுகிறார்கள். பழைய ரசிகர்கள் இதைப் பார்த்து அணிப்பற்று செத்துவிட்டது என்று வருந்துகிறார்கள். நைட்டை நீக்கிய அன்று இந்த விதி இருந்திருந்தால் ஜெஃப்ரிஸும் கவர்டேலும் ஃபைஃபும் ஆளுக்கொரு திசையாகப் போயிருக்கலாம், அட்லான்டாவில் அந்த இறுதிப் போட்டியே இண்டியானாவுக்கு வாய்க்காமல் போயிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் நான் இன்றைய விதியின் பக்கம். யாரை நம்பி வந்தார்களோ அவரையே கல்லூரி வெளியே அனுப்பிவிட்ட பிறகு, இருப்பதா போவதா என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பையன்களுக்கு அன்றே இருந்திருக்க வேண்டும்.