நூறு என்றால் பதினான்கு பேர்

(கட்-ஆஃப் கணக்கு – தொடர்)

பொறியியல் கலந்தாய்வின் 200-ஐப் போன வாரம் பிரித்துப் பார்த்தோம்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இந்த வாரம் எம்பிஏ நுழைவுத் தேர்வுகள். கேட், டான்செட், ஜிமேட் மூன்றுக்கும் எப்படி இலக்கு வைப்பது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் கேட் தேர்வு முடிவுகளின் பழைய செய்திகளைப் புரட்டியபோது கண்ணில் பட்ட ஒரு கணக்கு என்னை விடவில்லை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கேட் முடிவு வெளியானதும் நாளிதழ்களில் வருகிற முதல் செய்தி, எத்தனை பேர் 100 பெர்சன்டைல் என்பதுதான். 2019-ல் 10 பேர். 2020-ல் 9, 2021-லும் 9. 2022-ல் 11. 2023-ல் 14, 2024-லும் 14. இந்த வரிசையைப் பார்க்கிற எவருக்கும் ஒரு எண்ணம் வரும்: பிள்ளைகள் கெட்டிக்காரர்களாகிக்கொண்டே போகிறார்கள், அல்லது வினாத்தாள் வருஷத்துக்கு வருஷம் எளிதாகிறது. நானும் அந்த வழியில்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு ஆண்டும் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்பதைப் பக்கத்தில் எழுதினேன். 2019-ல் 2.09 லட்சம். 2020-ல் 1.90 லட்சம். 2021-ல் 1.92 லட்சம். 2022-ல் 2.22 லட்சம். 2023-ல் 2.88 லட்சம். 2024-ல் 2.93 லட்சம்.

இப்போது ஒவ்வொன்றையும் 20,000-ஆல் வகுத்துப் பாருங்கள். 2.09 லட்சத்தை வகுத்தால் 10.45. 1.90 லட்சத்துக்கு 9.5, 1.92 லட்சத்துக்கு 9.6. 2.22 லட்சத்துக்கு 11.1. 2.88 லட்சத்துக்கு 14.4, 2.93 லட்சத்துக்கு 14.65. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிடுங்கள். 10, 9, 9, 11, 14, 14. நாளிதழில் வந்த அதே எண்கள், அதே வரிசையில்!

இதில் மர்மம் இல்லை, விதி இருக்கிறது. எழுதியவர்களின் எண்ணிக்கையிலிருந்து உங்கள் ரேங்க்கைக் கழித்து, எண்ணிக்கையாலேயே வகுத்து, நூறால் பெருக்கினால் பெர்சன்டைல். அதை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்குகிறார்கள். முதல் ரேங்க் வாங்கியவருக்கும் உண்மையில் முழு 100 கிடையாது, ஏனென்றால் தன்னையே அவர் தாண்ட முடியாது. 99.995-ம் அதற்கு மேலும் இருந்தால் அது 100.00 என்று அச்சாகிறது. 99.995 என்றால் உங்களோடு சேர்த்து மேலே இருப்பவர்கள் 0.005 சதவீதம், அதாவது இருபதாயிரத்துக்கு ஒருவர். அதனால் 2.88 லட்சம் பேர் எழுதினால் 14-வது ரேங்க் வரை நூறு. 15-வது ரேங்க்குக்கு 99.99. மதிப்பெண் சமமாகி ஒரே ரேங்க்கில் இருவர் வந்தால் எண்ணிக்கை சற்று நகரலாம். மற்றபடி, வினாத்தாள் கடலாக இருந்தாலும் கால்வாயாக இருந்தாலும் 'நூறு' வாங்குகிறவர்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் தேர்வறைக்கு வந்தார்கள் என்பதுதான்.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், கட்-ஆஃப் என்ற சொல்லைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் 200-ஐ வைத்துத்தான் பழகியிருக்கின்றன. 200-க்கு 196 என்றால் அந்த 196 உங்களுடையது. பக்கத்து வீட்டுப் பையன் என்ன வாங்கினாலும் அது மாறாது. கடைசியில் எந்தக் கல்லூரி கிடைக்கிறது என்பதுதான் மாறும். பெர்சன்டைல் அப்படி இல்லை. எத்தனை பேரைப் பின்னால் விட்டீர்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. 2023 கணக்கில் 90 பெர்சன்டைல் என்றால் உங்களுக்கு மேலே ஏறக்குறைய 28,800 பேர். 99 என்றால் 2,880 பேர். 99.5 என்றால் 1,440 பேர். 'இன்னும் ஒரு பெர்சன்டைல்தானே' என்று சொல்லும்போது, 98-ல் நிற்கிற பிள்ளையிடம் கிட்டத்தட்ட மூவாயிரம் பேரைத் தாண்டு என்று சொல்கிறோம்.

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் தங்கள் பெர்சன்டைல் இலக்கைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிற பிள்ளைகள் அதிகம். மெட்ரோ நிலையத்தை விட்டு நூறடி சாலையில் இறங்கினால் ஒரு பக்கம் கிண்டி தொழிற்பேட்டை, ஒலிம்பியா டெக் பார்க். உள்தெருக்களில் மாடிக்கு மாடி ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி. இரண்டு மூன்று வருஷம் ஐடி வேலை பார்த்த பிறகு, 'அடுத்து என்ன' என்ற கேள்வி வருகிற வயது. காலை ஷிஃப்டுக்குப் போகிற பையன் இரவு பதினொரு மணிக்கு மாக் டெஸ்ட் எழுதுகிறான். அங்கே ஒரு டீக்கடையில் பேச்சுக் கொடுத்த இளைஞர் திருவண்ணாமலைப் பக்கம். அப்பா விவசாயம். பிளஸ் டூ-வில் 1,200-க்கு 1,100-ஐத் தாண்டியவர்.

"தொண்ணூத்தொம்பது புள்ளி அஞ்சு சார். அதான் டார்கெட்" என்றார்.

"எந்தக் காலேஜுக்குத் தம்பி?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம் சார். மொதல்ல ஸ்கோர் வரட்டும்."

நான் இந்தத் தொடரில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். இடத்தை முதலில் முடிவு செய்யாமல் எண்ணை முடிவு செய்யக் கூடாது. அதிலும் பெர்சன்டைலை இலக்காக வைத்துத் தேர்வறைக்குள் போய் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அது மற்ற இரண்டு லட்சத்துச் சொச்சம் பேரின் கையில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது கேள்விகள் மட்டும். 2021 முதல் 2023 வரை கேட்டில் 66 கேள்விகள், 198 மதிப்பெண். சரியான விடைக்கு 3. விருப்பத்தேர்வுக் கேள்வியில் தவறினால் 1 போகும். அந்த மூன்று ஆண்டுகளிலுமே 198-ல் பாதியான 99 மதிப்பெண் எடுத்தவர் 99 பெர்சன்டைலைத் தாண்டிவிட்டார். 36 சரி, 9 தவறு, மீதி 21 கேள்விகளைத் தொடவே இல்லை என்றாலும் 99 மதிப்பெண் வந்துவிடும். (ஸ்லாட்டுக்கு ஸ்லாட் வினாத்தாள் மாறுவதால் மதிப்பெண்ணைச் சமன்செய்து தருகிறார்கள், ஒன்றிரண்டு மதிப்பெண் அங்கே இங்கே நகரும்.) பிளஸ் டூ வரைக்கும் ஒரு கேள்வியையும் விடாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு வா என்று சொல்வது எளிதல்ல. ஆனாலும் 95 பெர்சன்டைலுக்கும் 99 பெர்சன்டைலுக்கும் நடுவே இருப்பது பத்துக்கும் குறைவான சரியான விடைகள்தான். அந்தப் பத்து எங்கிருந்து வரும் என்று தேடுவதுதான் இலக்கு வைப்பது.

பெரும்பாலும் அது ஆங்கிலத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. கேட்டில் ஆங்கிலம் (வெர்பல்), தரவு-தர்க்கம் (டிஐஎல்ஆர்), கணிதம் என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம், நேரம் முடிந்தால் திரும்பிப் போக முடியாது. பழைய ஐஐஎம்-கள் மொத்த பெர்சன்டைலோடு பகுதிவாரியாகவும் குறைந்தபட்ச எல்லை வைக்கின்றன. கணிதத்தில் 99, டிஐஎல்ஆரில் 98, வெர்பலில் 60 என்று வந்தால், மொத்தம் என்னவாக இருந்தாலும் அங்கிருந்து நேர்முகத் தேர்வுக்கான 'கால்' வராது. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை தன் பலமான கணிதத்தையே மேலும் மேலும் போட்டுப் பயில்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரே எண்ணைச் சுவரில் ஒட்டுவதற்குப் பதில் மூன்று எண்களை ஒட்ட வேண்டும். பலவீனமான பகுதியின் எண் முதலில் இருக்க வேண்டும்.

டீக்கடைப் பேச்சுக்கு வருகிறேன். "விண்ணப்பத்துல எந்தப் பிரிவு போட்டீங்க?" என்று கேட்டேன்.

"பிசி சார் நாங்க. ஆனா ஃபார்ம்ல பிசின்னு ஆப்ஷனே இல்ல. அதனால ஜெனரல்னு போட்டுட்டேன்."

எனக்கு மனசு கனத்துப் போயிற்று. நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்று பிரித்து, எல்லாம் சேர்த்து 69 சதவீத இட ஒதுக்கீடு, வசதியானவர்களை விலக்கும் கிரீமிலேயர் கிடையாது. டான்செட் எழுதி மாநிலக் கலந்தாய்வுக்குப் போனால் அந்த மாநிலச் சான்றிதழ் போதும். மத்திய அரசு நிறுவனங்களில் கதையே வேறு. அங்கே கிரீமிலேயர் அல்லாத ஓபிசி-க்கு 27 சதவீதம். 2006-ல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து, 2008 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்ற பிறகுதான் அந்த இடங்கள் ஐஐஎம்-களில் திறந்தன. அதற்கு மத்திய அரசின் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் என்று கேள்விப்பட்டதும் பல பெற்றோர் பின்வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்வதில்லை என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை. பெற்றோர் அரசு வேலையில் எந்த நிலையில் இருக்கிறார்கள், எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு விதிகள் உண்டு. அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஓபிசி பிரிவுக்கு ஐஐஎம்-கள் வைக்கும் எல்லை பொதுப்பிரிவைவிடக் குறைவு. அந்த இளைஞரின் 99.5 என்ற எண்ணே தவறான பிரிவை வைத்துப் போட்ட கணக்கு. கேட் விண்ணப்பம் செப்டம்பரில் முடிந்துவிடும். அதன் பிறகு பிரிவை மாற்ற விடுவதில்லை. ஒரு வருஷத்துக் கட்டணம் போனதைவிட, ஒரு வருஷத்து இரவுகள் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அடுத்த முறை விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே, ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்துக்குப் போகச் சொன்னேன். சான்றிதழ் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும்.

சான்றிதழ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2015-ல் கேட் நடந்தது நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை டிசம்பர் 1 இரவு அடையாறு கரை தாண்டியது. ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டைத் தெருக்களில் தரைத்தளம் மூழ்கியது. ஞாயிறன்று தேர்வு எழுதிவிட்டு வந்தவர்களின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்கள் அந்த வீடுகளின் பீரோக்களில் இருந்தன. நேர்முகத் தேர்வுக்கு அசல் கேட்பார்கள். தொலைந்த சான்றிதழ்களுக்குக் கட்டணமில்லாமல் நகல் தர அரசு அந்த மாதமே சிறப்பு முகாம்கள் நடத்தியது. முடிவு வந்தபோது, கால் வந்த மகிழ்ச்சியோடு பள்ளிக்கூட வாசலில் போய் நின்ற குடும்பங்கள் இந்தப் பகுதியில் இருந்திருக்கும். அப்படி யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வெறும் சரிபார்ப்புக்கு மட்டும் அல்ல. கேட் எண்ணை மட்டும் வைத்து எந்தப் பழைய ஐஐஎம்-மும் ஆளை எடுப்பதில்லை. பத்தாவது, பிளஸ் டூ, பட்டப்படிப்பு, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் எடை உண்டு. அதில் பெங்களூரு ஐஐஎம் செய்கிற ஒரு வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். போர்டுக்குப் போர்டு மதிப்பெண் போடுகிற தாராளம் மாறும் அல்லவா? அதனால் உங்கள் பள்ளி மதிப்பெண்ணை, அதே போர்டில் படித்து விண்ணப்பித்தவர்களில் 90-வது பெர்சன்டைலில் இருப்பவரின் மதிப்பெண்ணால் வகுக்கிறார்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் எடுத்த 1,100-ஐ, நம் மாநிலப் பாடத்திட்டத்திலேயே படித்த மற்றவர்களோடுதான் ஒப்பிடுகிறார்கள். இலக்கு வைப்பதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்து பார்க்க வேண்டும். பள்ளி மதிப்பெண் பலமாக இருந்தால் கேட்டில் கொஞ்சம் மூச்சு விடலாம். குறைவாக இருந்தால் அதற்கு ஈடாக எத்தனை கேள்வி கூடுதலாக வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். மாறாத எண்களை முதலில் எழுதி, மாறக்கூடிய ஒரே எண்ணைக் கடைசியில் எழுதுவதுதான் முறை.

எல்லாருக்கும் ஐஐஎம்-தான் வேண்டும் என்றும் இல்லை. ஐஐடி மெட்ராஸின் எம்பிஏ இதே கேட் மதிப்பெண்ணில் கிடைக்கிறது. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து அது ஒரு பஸ் தூரம். அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்பிஏ இன்னும் கிட்டத்தில், டான்செட்டில். டான்செட்டின் கணக்கு வேறு, கலந்தாய்வு வேறு. இடம் முடிந்துவிட்டதால் இங்கே தொட முடியவில்லை. ஐந்து ஆண்டு செல்லுபடியாகும் ஜிமேட்டும், ஒரு ஆண்டில் காலாவதியாகும் கேட்டும் இலக்கு வைக்கிற விதத்தையே எப்படி மாற்றுகின்றன என்பதையும் அத்தோடு சேர்த்துக்கொள்கிறேன். பழைய ஜிமேட்டின் 700-ம் புதிய ஜிமேட்டின் 645-ம் ஏன் ஒரே உயரம் என்ற கேள்வியோடு அடுத்த வாரம் தொடங்கலாம்.

(தொடரும்)