பழைய லாரி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர், பல்லைப் பிடித்துப் பாராமலும், சுழி பாராமலும், நாலடி நடக்கவிட்டுக் கால் ஊன்றுவதைக் கவனியாமலும் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. ஆனால் அதே குடியானவர், மாட்டினும் பன்மடங்கு விலையுள்ள பழைய லாரியை வாங்கும்பொழுது, புதுச் சாயத்தையும் தரகரின் வாய்ச்சொல்லையும் நம்பி முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்.

கரும்பு, மரவள்ளி, தேங்காய் முதலிய விளைபொருள்களை உரிய காலத்தில் ஆலைக்கும் சந்தைக்கும் கொண்டு செல்லச் சொந்த வண்டி இருப்பது நன்மையே. புதிய லாரியின் விலை எட்டாதவர்கள் பழையதை நாடுவதிலும் தவறில்லை. எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பதில்தான் இலாபமும் நஷ்டமும் அடங்கியிருக்கின்றன.

எமது ஒன்றியத்தில் ஐந்து விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கு ஏற்றுவதற்கென்று பழைய லாரி ஒன்றை வாங்கினார்கள். அவர்களுள் இருவர் இதற்காகத் தம் நிலத்தை அடமானம் வைத்திருந்தார்கள். மூன்றாம் மாதத்தில், முந்தைய உரிமையாளர் வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவில்லை என்று சொல்லி, கடன் கொடுத்தவர்கள் வந்து வண்டியை எடுத்துச் சென்றுவிட்டார்கள். அந்தக் கடன் பதிவுச் சான்றிலேயே குறிக்கப்பட்டிருந்தது. வாங்கியவர்கள் அதைப் படிக்கவில்லை. வண்டிக்குப் பூசை போட்ட அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். நானும் வாழ்த்தினேனேயன்றி, சான்றை வாங்கிப் பார்த்தேனில்லை. அக்குறை தீரவே இதனை எழுதுகிறேன்.

முதற்கண் ஆவணங்கள்

பதிவுச் சான்றில் உரிமையாளர் பெயர், தயாரித்த மாதமும் ஆண்டும், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, கடன் குறிப்பு ஆகியவற்றைப் படியுங்கள். விற்பவரும் சான்றில் உள்ளவரும் ஒருவர்தாமா என்று பாருங்கள். கடன் குறிப்பு இருப்பின், கடன் கொடுத்த நிறுவனம் கையொப்பமிட்ட 35 ஆம் எண் படிவமும் தடையில்லாக் கடிதமும் கிடைக்கும்வரை முழுப் பணத்தைக் கொடுத்தல் ஆகாது.

அடுத்து, தகுதிச் சான்று, பெர்மிட், சாலை வரி, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை எந்த நாள்வரை செல்லும் என்று பார்க்க வேண்டும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த கனரக வண்டிகளுக்கு இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்த்தப்பட்டது. ஆகவே மிகப் பழைய வண்டி மலிவாகத் தோன்றினும், பிற்காலச் செலவு மிகுதி. வண்டி எண்ணைக் கொண்டு பரிவாகன் இணையதளத்தில் இவ்விவரங்களையும், கட்டாத அபராதங்களையும் அறியலாம். இயலாதவர்கள் வீட்டிலுள்ள படித்த பிள்ளைகளைக் கொண்டு பார்க்கச் செய்யலாம்.

அடிச்சட்டம்

லாரியின் முதுகெலும்பு சேசிஸ் எனப்படும் அடிச்சட்டமே. அதில் பொறித்த எண்ணும் என்ஜின் எண்ணும் சான்றில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடமோ வெல்டிங் தடமோ தென்பட்டால் அவ்வண்டியை விட்டுவிடுவதே நலம். பிறகு வண்டியின் அடியில் புகுந்து, ஸ்பிரிங் பட்டைகள் சட்டத்தோடு பொருந்தும் இடங்களில் விரிசலும் ஒட்டுவேலையும் உண்டா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் புதுச் சாயம் பூசியிருப்பின் ஐயம் கொள்ளுங்கள்.

முன்பு என்ன ஏற்றிய வண்டி என்றும் கேளுங்கள். உப்பும் மீனும் உரமும் ஏற்றிய வண்டியை உள்ளிருந்தே துரு அரித்திருக்கக் கூடும். கல்லும் ஜல்லியும் அளவுக்கு மீறி ஏற்றிய டிப்பரில் சட்டமும் பட்டைகளும் சோர்ந்திருக்கும்.

என்ஜினும் ஓட்டமும்

நீங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று முன்னரே சொல்லி வையுங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் எளிதில் கிளம்பாத குறையை மறைத்திருக்கலாம். கிளம்பிய பின்னும் நீலப் புகை நில்லாமல் வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். பாரத்தில் கரும்புகை மிகுந்தால் டீசல் செலுத்தும் அமைப்பிலோ காற்று வழியிலோ கோளாறு இருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கையில் புகை குப்குப்பென்று வந்தால் உள்ளே தேய்மானம் மிகுதி. ரேடியேட்டர் நீரில் ஆயில் மிதக்கிறதா என்பதை என்ஜின் சூடேறுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தது. இவ்வகை லாரிகளில் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்றும் தொட்டி உண்டு. அவ்வமைப்பு துண்டிக்கப்படாமல் வேலை செய்கிறதா என்று மெக்கானிக்கைக் கொண்டு அறிக. பழுது நீக்கும் செலவு பெரிது.

கூடுமானால் பாரம் ஏற்றியே ஓட்டிப் பாருங்கள். மேட்டில் கியர் நழுவுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்பது பாரத்தில்தான் தெரியும். காற்று நிரம்பியபின் சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேளுங்கள். சீறும் ஓசையோடு மீட்டர் முள் விரைந்து இறங்கினால் காற்றுக் கசிவு உண்டு. முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின்னோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 3521 என்றிருந்தால் 2021 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பத்துச் சக்கர வண்டிக்கு எல்லா டயர்களையும் மாற்ற நேர்ந்தால் வரும் செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள். பேட்டரி, பட்டை, காப்பீடு, வரி என்று முதல் ஆண்டுச் செலவு அனைத்தையும் கூட்டி வரும் தொகையே வண்டியின் உண்மை விலை.

பெயர் மாற்றம்

பணம் கொடுத்துச் சாவி வாங்கியதோடு வேலை முடிவதில்லை. 29, 30 ஆம் எண் படிவங்களைப் பெற்று, 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். வெளிமாநில வண்டியாயின், அங்குள்ள பதிவு அதிகாரியின் தடையில்லாச் சான்றும் தேவை. காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் எழுத வேண்டும். பெர்மிட் தானே கைமாறாது. போக்குவரத்து அதிகாரத்தின் அனுமதி பெற வேண்டும்.

விற்பவருக்கும் இதில் பெரும் அக்கறை உண்டு. வண்டி பலர் கை மாறிப் போயிருந்தாலும், விபத்து நேர்ந்தால் பதிவில் உள்ள பெயருக்குரியவரே பொறுப்பாளி என்று 2018 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகையால் வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுத் தரகரிடம் கொடுத்து, வண்டியை மறந்துவிடுவது ஆபத்தானது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எவரேனும் பழைய லாரி வாங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டால், பூசைக்கு அழைக்கும்வரை காத்திராதீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே சென்று, “பதிவுச் சான்றைக் காட்டுங்கள், சேர்ந்து படிப்போம்” என்று சொல்லுங்கள். அந்த அரைமணி நேரம் ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காப்பாற்றக் கூடும்.