பழைய கம்ப்யூட்டரும் ஒரு தவளையும்

இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை

"பழசைத் தூக்கிப் போடு, புதுசு வாங்கு" என்று சொல்வது சுலபம். ஆனால் அந்தப் பழசை நம்பி ஆறு பேர் வேலை செய்தால் என்ன செய்வது?

என் அப்பா ஒரு சிறிய பட்டறையில் ஹெல்ப்பர். அங்கே ஒரு சி.என்.சி. லேத் இருக்கிறது. அதற்குப் புரோகிராம் அனுப்பி வந்தது ஒரு 386 கம்ப்யூட்டர். டாஸ் மட்டும்தான் ஓடும். யு.எஸ்.பி. கிடையாது, நெட்வொர்க் கார்டு கிடையாது. ஃபிளாப்பி டிரைவ் எப்போதோ செத்துப் போச்சு. பல வருஷமாக எழுதிச் சேர்த்த புரோகிராம்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். போன வருஷம் அது 'கடகட'வென்று சத்தம் போட ஆரம்பித்தது. "நீ எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற புள்ளைதானே, வந்து பாரேன்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கெர்மிட் என்றால் என்ன?

அந்த டிஸ்க்கில் யாரோ ஒரு புண்ணியவான் கெர்மிட் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு வைத்திருந்தார். 1981-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸ், பில் கேச்சிங்ஸ் இருவரும் உருவாக்கியது. டி.வி. நிகழ்ச்சியில் வந்த ஒரு தவளைப் பொம்மையின் பெயரை வைத்தார்கள்! பெரிய கம்ப்யூட்டருக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்கும் நடுவே சீரியல் ஒயர் வழியாக ஃபைல் அனுப்புவதுதான் நோக்கம். சி.பி.எம்., டாஸ், யூனிக்ஸ் என்று ஏகப்பட்ட மெஷின்களுக்கு இது வந்தது. 2011-ல் பல்கலைக்கழகம் இந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டபோது, யூனிக்ஸில் ஓடும் சி-கெர்மிட்டை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. அதனால் இன்றைய லினக்ஸ் லேப்டாப்பிலும் ஓடுகிறது.

எப்படி வேலை செய்கிறது?

லாரியில் மூட்டை அனுப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் வரிசை எண்ணும் எடையும் எழுதிய சீட்டு இருக்கும். வாங்குகிறவர் திரும்ப எடை போடுவார். சரியாக இருந்தால் 'வந்தது' என்பார். குறைந்தால் 'இதை மறுபடி அனுப்பு' என்பார். கெர்மிட்டும் அப்படித்தான். ஃபைலைச் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றிலும் நீளம், வரிசை எண், வகை, டேட்டா, கடைசியில் செக்சம். செக்சம் ஒத்துப்போனால் எதிர்முனை 'ஒய்' என்று பதில் தரும், ஒத்துப்போகாவிட்டால் 'என்'. 'என்' வந்தால் அதே பாக்கெட் மறுபடி போகும். கன்ட்ரோல் எழுத்துகளைச் சாதாரண எழுத்தாக மாற்றி அனுப்புவதால், நடுவில் எந்த மெஷினும் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாது.

9600 வேகத்தில், ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட். அதாவது நொடிக்கு 960 பைட். 300 கிலோபைட் போக எப்படியும் 5 நிமிஷத்துக்கு மேல் ஆகும். மெதுவுதான், ஆனால் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம்

லேப்டாப் பக்கம் யு.எஸ்.பி. கன்வெர்ட்டரில் 9 பின், பழைய கம்ப்யூட்டரில் 25 பின். வகுப்பில் படித்தபடி 2-ஐயும் 3-ஐயும் குறுக்காக மாற்றி சால்டர் செய்தோம். ஒரு எழுத்துகூட வரவில்லை! பாதி நாள் போன பிறகுதான் புரிந்தது. 9 பின்னில் 2 வாங்குவது, 3 அனுப்புவது. 25 பின்னில் 2 அனுப்புவது, 3 வாங்குவது. அங்கே ஏற்கெனவே தலைகீழ்தான்! நாம் மாற்றினால் இரண்டு முறை மாற்றியதாகிவிடும். 2-க்கு 2, 3-க்கு 3, கிரவுண்டுக்கு 5-லிருந்து 7. மூன்றே ஒயர். மாற்றிப் போட்டதும் ஸ்கிரீனில் பாக்கெட் எண் ஓட ஆரம்பித்தது. அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கவனிக்க வேண்டியவை

1. இரண்டு பக்கமும் வேகம், டேட்டா பிட், பாரிட்டி ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் லேத்துக்கு 7 பிட், ஈவன் பாரிட்டி. லேப்டாப்பில் 8 பிட் வைத்தபோது லேத் வாங்க மறுத்தது.

2. ஆர்.எஸ்.-232-ல் மைனஸ் வோல்டேஜும் வரும். 5 வோல்ட் டி.டி.எல். போர்டை நேராக மாட்டாதீர்கள். நடுவில் மேக்ஸ்-232 ஐ.சி. வேண்டும். பரீட்சைக்கு மட்டும் படித்த ஐ.சி. அது!

3. பழைய மதர்போர்டில் நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால் கசிந்து டிராக்கை அரித்துவிடும். அதை உடனே கழற்றுங்கள். கழற்றும் முன் பயாஸில் உள்ள டிஸ்க் அளவுகளை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த டிஸ்க் அடியோடு நின்றுபோனது. ஆனால் லேத் நிற்கவில்லை. புரோகிராம்கள் இப்போது லேப்டாப்பிலிருந்து போகின்றன. ஆறு பேரும் அங்கேயே வேலை செய்கிறார்கள்.

நண்பர்களே, உங்கள் ஊர்ப் பட்டறையிலோ நம் லேப் மூலையிலோ இப்படி ஒரு மெஷின் இருந்தால், அது ஓடுகிறபோதே காப்பி எடுத்துவிடுங்கள். நின்ற பிறகு எந்தக் கெர்மிட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.