மெலிய மறுக்கும் உடல்

உணவைக் குறைத்தால் உடல் மெலியும் என்பது யாவரும் அறிந்த கணக்கு. அக்கணக்கின்படி ஒழுகியும் சில மாதங்களின் பின் நிறை குறையாது நின்றுவிடின், பழி மனவுறுதியின் மீதே விழுகின்றது. பெரும்பாலும் இது நீதியன்று.

அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944ஆம் ஆண்டின் இறுதியில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சான்றின் பொருட்டுப் போர்த்தொழிலை மறுத்த 36 இளைஞர் அதற்குத் தாமாகவே இசைந்தனர். ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தது; ஓய்வில் இருக்கையில் உடல் செலவிடும் சக்தியோ அதனினும் கூடுதலாகச் சுருங்கிற்று. வரவு குன்றக் கண்ட இல்லத்தரசி அடுப்பெரிப்பைக் குறைப்பது போன்றதே இது. சிந்தையெல்லாம் உணவாயிற்று, சமையல் நூல்களைச் சேர்க்கத் தலைப்பட்டோரும் உளர்! கட்டுப்பாடு நீங்கியபின் அவர்தம் கொழுப்பு முன்னைய அளவையும் கடந்து ஏறிற்று.

இதன் சூட்சுமம் ஒன்று 1994இல் துலங்கிற்று. கொழுப்பிழையத்திற் சுரக்கும் லெப்டின் என்னும் ஓமோன், சேமிப்பின் அளவை மூளைக்கு அறிவிக்கின்றது. கொழுப்புக் குறைய அதுவும் குறையும். மூளை பஞ்சம் வந்ததெனக் கொண்டு பசியைத் தூண்டும்.

தூக்கக் குறைவும் சில மருந்துகளும் நிறை குறைவதைத் தடுப்பதுண்டு. தைரொயிட்டுச் சுரப்பியின் தளர்ச்சியும் அவ்வாறே. அதனை இரத்தப் பரிசோதனையால் வைத்தியர் எளிதில் அறிவர்.