நெசவாளி வளர்த்த நாய்!

சீமாட்டிகளின் மடியிலே, தலையில் பட்டு நாடா கட்டிக்கொண்டு கொலுவிருக்கிறதே யார்க்‌ஷயர் டெரியர் என்னும் குட்டி நாய், அது யார் வளர்த்த நாய், தெரியுமா தோழர்களே? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் யார்க்‌ஷயருக்கு வந்த நெசவாளிகள் வளர்த்த நாய்! ஆலைகளில் எலி பிடித்து ஊழியம் செய்த நாய். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்தது. வளைக்குள் புகுந்து வேட்டையாடும் இனம். எடை மூன்று கிலோதான், வீறாப்போ மலையளவு! உழைப்பவன் உருவாக்கினான், உல்லாசி உரிமை கொண்டாடினான்.

குருவிகுளம் வட்டாரத் தோழர்களிடம் இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் கரிசல் சீமைக்கும் சொந்த நாய்கள் உண்டு: சிப்பிப்பாறை, கன்னி. சிப்பிப்பாறை என்னும் ஊர் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. டெரியர் மண்ணைத் தோண்டும். நம் நாயோ கண்ணால் கண்டதைக் காற்றாய் விரட்டும். நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, சாட்டை போன்ற வால், இரண்டடி உயரம். செவலையும் உண்டு, சாம்பலும் உண்டு. கருமேனியில் பழுப்புப் புள்ளி கொண்டது கன்னி. மணப்பெண்ணுக்குச் சீதனமாகத் தந்ததால் அப்பெயர் என்பார் ஊரார்.

ஜமீன்தார்கள் இவற்றை வேட்டைக்கு ஏவினார்கள். ஜமீனை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. முயல் வேட்டையோ, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று குற்றம். நாய் மட்டும் எங்கும் போகவில்லை; ஆட்டுக் கிடையிலும் தோட்டத்திலும் ஏழையின் காவலனாய் நிற்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் இவற்றின் பெயரைச் சொன்னார். மகிழ்ச்சிதான்! ஆனால், பெயர் பரவினால் தரகனும் வருவானே? உடன்பிறந்த குட்டிகளையே இணை சேர்த்துக் காசாக்குகிறவனிடம் இந்த இனத்தை ஒப்படைத்தால், நோஞ்சான் குட்டிகள்தான் மிஞ்சும்.

வளர்ப்பதும் பெரும் செலவல்ல. எட்டு வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கம்பங்கூழும் சோறும் தின்னும். அத்துடன் முட்டையோ இறைச்சியோ வேண்டும். வேக வைத்த கோழி எலும்பு ஆகாது, சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும். குட்டை மயிர் ஆதலால் சீப்பு வேலை இல்லை. உண்ணி பார்த்தால் போதும். ஓடப் பிறந்த நாயை நாளெல்லாம் சங்கிலியில் கட்டாதீர்கள். கட்டிய நாய் கடிநாய் ஆகிறது. பிறகு நாயைத் திட்டி என்ன பயன்?

எல்லாவற்றிலும் முக்கியம் வெறிநோய்த் தடுப்பூசி. மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஆண்டுதோறும். பாஸ்டர் 1885-லேயே மனிதனைக் காக்கும் ஊசியைக் கண்டு கொடுத்துவிட்டார். இருந்தும் இந்நாட்டில் இந்நோய்க்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் யார்? ஏழை எளியவர்கள், அதிலும் குழந்தைகள்! நோய் முற்றிவிட்டால் மருந்தில்லை. கடிபட்டால் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பாதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், ஊசிக்குக் காசில்லை. முதல் நாள் போட்டதோடு நின்றுவிடாமல், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட்டுக்கொள்ள வேண்டும். கூலி போகிறதே என்று தோழர்கள் பலர் பாதியில் விடுவது இங்கேதான்.

ஊர்தோறும் ஆண்டுக்கொரு முறை நாய்களுக்குத் தடுப்பூசி முகாம் வேண்டும் என்று ஊராட்சிகளில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் வரும் நாளில் கிடைநாயையும் தெருநாயையும் பிடித்துவர ஆள் வேண்டும். அந்த வேலையை நம் கிளைத் தோழர்கள் ஏற்கலாம்.