நெல் வயலின் இரவுக் காவலன்

நெல் வயல்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் உயரமான கம்பத்தின் உச்சியில் ஒரு பெரிய மரப்பெட்டி இருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது கூகை என்னும் ஆந்தைக்காக மனிதர்கள் கட்டிக் கொடுத்த வீடு. மலாய்க்காரர்கள் ஆந்தையை ‘புருங் ஹந்து’, அதாவது பேய்ப் பறவை என்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் அது அலறினால் கெட்ட சகுனம் என்பார்கள். ஆனால், கூகைக்கு ‘புங்கோக் ஜெலாப்பாங்’ என்ற மலாய்ப் பெயரும் உண்டு. ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். இந்த இரண்டாவது பெயர்தான் அதற்குப் பொருத்தமானது.

எலியால் என்ன கேடு?

கெப்பாலா பத்தாஸைச் சுற்றியுள்ள வட செபராங் பிறை, பினாங்கு மாநிலத்தின் முக்கிய நெல் விளையும் பகுதி. அங்கே விவசாயிகளின் பெரிய எதிரிகளில் ஒன்று வயல் எலி. அது வரப்பில் வளை தோண்டி வாழ்கிறது. கதிர் தண்டுக்குள் இருக்கும்போதே, அந்த இளங்கதிருக்காகத் தண்டைக் கடித்துச் சாய்த்துவிடும். அது தின்பது கொஞ்சம், வீணாக்குவது அதிகம். சுமார் 3 வாரமே கர்ப்பமாக இருந்து பல குட்டிகளை ஈனும். எலியின் சிறுநீர் கலந்த நீர் மூலம் மனிதர்களுக்கு எலிக்காய்ச்சலும் பரவுகிறது. சேற்றில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு இது உயிர் ஆபத்து.

காதால் வேட்டை

கூகையின் முகம் இதய வடிவில் தட்டையாக இருக்கும். இந்த முகம் ஒலியைச் சேர்த்துக் காதுகளுக்கு அனுப்பும் தட்டு போல வேலை செய்கிறது. அதன் காதுத் துளைகள் ஒரே உயரத்தில் இல்லை. இடது துளை சற்று மேலே, கீழ்நோக்கி இருக்கிறது. வலது துளை சற்றுக் கீழே, மேல்நோக்கி இருக்கிறது. அதனால் கீழிருந்து வரும் ஒலி இடது காதில் கூடுதலாகக் கேட்கும். எந்தக் காதில் ஒலி முந்திக் கேட்கிறது என்பதை வைத்து, எலி இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் கூகை அறிந்துகொள்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் பெய்ன் இதைச் சோதித்துப் பார்த்து, 1971இல் தம் ஆய்வை வெளியிட்டார். கும்மிருட்டான அறையில் தரை முழுவதும் காய்ந்த இலைகளைப் பரப்பி எலியை விட்டார். கூகை அதைச் சரியாகப் பிடித்தது. ஒரு காதைப் பஞ்சால் அடைத்ததும் குறி தவறியது.

பறக்கும்போது சத்தம் வந்தால் எலி ஓடிவிடும் அல்லவா? கூகையின் சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பும், மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மென்மையும், பின்விளிம்பில் குஞ்சம் போன்ற இழைகளும் உள்ளன. இவை காற்றின் இரைச்சலைக் குறைக்கின்றன.

பிடித்த எலியைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். ஆய்வாளர்கள் அந்த உருண்டையைப் பிரித்து, மண்டையோடுகளை எண்ணி, அது எதைத் தின்றது என்று கண்டுபிடிக்கிறார்கள். ஒரு சோடியும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு 1,000 எலிகளுக்கு மேல் தின்னும் என மதிப்பிடப்பட்டுள்ளது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் விடப்பட்ட கூகைகள், நகர்ப்புறத்தில் மூஞ்சூறுகளையும் நிறைய வேட்டையாடியது தெரிய வந்தது.

விஷம் வைத்தால்?

‘எலி மருந்து வைத்தால் போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். பல எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அவற்றைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் சோர்ந்து அலையும்போது எளிதில் கூகையிடம் சிக்கும். புரோடிஃபேக்கம் போன்ற வீரியமான மருந்துகள் எலியின் கல்லீரலில் நெடுநாள் தங்கும். அத்தகைய எலிகளைத் தொடர்ந்து தின்றால் அதே விஷம் கூகையையும் கொல்லும். 1980களிலேயே மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் இந்த ஆபத்து பற்றி எச்சரிக்கப்பட்டது.

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. தப்பிய எலிகள் சில மாதங்களில் மீண்டும் பெருகிவிடும். கூகைகளோ அவ்வளவு வேகமாகப் பெருகுவதில்லை. வேட்டையாடும் பறவை இல்லாத வயலில் எலிகளுக்குக் கொண்டாட்டம்தான். பிறகு மேலும் விஷம் வைக்க வேண்டிவரும்.

பெட்டி எதற்கு?

கூகை தானாகக் கூடு கட்டாது; மரப்பொந்தையோ கட்டடத்தின் இருண்ட மூலையையோ தேடும். திறந்த வயலில் இவை கிடைக்காததால்தான் பெட்டி வைக்கிறார்கள். தன் கூட்டைச் சுற்றியுள்ள இடத்தை மட்டுமே அது காக்கும். வேட்டையாடும் பரப்பு முழுவதற்கும் சண்டையிடாது. எனவே ஒரே வட்டாரத்தில் பல பெட்டிகள் வைக்கலாம். ஓர் உயிரினத்தைக் கொண்டு இன்னோர் உயிரினத்தின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் இம்முறையே உயிரியல் கட்டுப்பாடு.

மாணவர்களே, கூகை மற்ற ஆந்தைகளைப் போல் ‘ஊ...ஊ...’ என்று கூவாது. கரகரத்த குரலில் கிறீச்சிடும். இருட்டில் வெளிறிய உடல், ஓசையில்லாமல் பறப்பது, திடீரென ஓர் அலறல் எல்லாம் சேர்ந்தால் பேய் என்று தோன்றுவதில் வியப்பில்லை. அடுத்த முறை அந்தக் குரலைக் கேட்டு வீட்டில் யாராவது கல்லெறியப் போனால், அது யாருடைய நெல்லைக் காக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.